ஐம்பத்திரண்டாம் பக்கம்

என் அப்பா நூலகப் புத்தகத்தில் பேனாவால் குறி போடுகிறவர். செய்யக் கூடாத காரியம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பொது நூலகத்தில் வருஷக்கணக்காகக் கதைப் புத்தகம் எடுக்கிறவர்கள் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஒருவர் பதினோராம் பக்கத்து எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். காரணம் ரொம்பச் சாதாரணம். பைண்டிங் போட்டு வந்த பிறகு எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்பு அட்டை. தலைப்பைப் பார்த்தால் படித்த மாதிரியும் இருக்கும், படிக்காத மாதிரியும் இருக்கும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் நாலு பக்கம் தாண்டிய பிறகு, அட, இவள் கடைசியில் செத்துப் போகிறவளாயிற்றே என்று ஞாபகம் வந்தால் அன்றைய பொழுது போச்சு. அதனால் அவரவருக்கு ஒரு பக்கம், ஒரு குறி. ராக்கின் முன்னால் நின்றபடியே தன் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். குறி இருந்தால் பேசாமல் திரும்பச் செருகிவிடுவார்கள்.

அப்பாவின் குறி ஐம்பத்திரண்டாம் பக்கத்தின் அடி ஓரத்தில் இருக்கும். ஒரு சாய்கோடு, அதற்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. அப்பா பஸ் கண்டக்டர். சர்வீஸில் பாதிக்கு மேல் கடலூர்–சிதம்பரம் ரூட்டில்தான் ஓடினார். கட்டணம் மாறுகிற ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் கையிலிருக்கும் தாளில் டிக்கெட் எண்ணை எழுதி, பக்கத்தில் இந்தக் குறியைப் போடுவார். ஏறினவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கியாயிற்று, இறங்க வேண்டியவர்கள் இறங்கியாயிற்று, இந்த ஸ்டேஜ் முடிந்தது, இனி திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு என்பது அவர் பஸ்ஸில் இருந்த சீட்டுகளின் எண்ணிக்கை. ஐம்பத்திரண்டு பக்கம் இல்லாத புத்தகத்தை மினி பஸ் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்.

எனக்குக் கதை பிடிக்காது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் நரம்பு தேடுகிற வேலை. ஊசி குத்தி எடுப்பதற்குள் ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். இதற்கு மேல் அச்சடித்த கதை வேறு எதற்கு என்பது என் கட்சி. கல்யாணம் என்று ஒன்று நடந்து, சரிப்படாமல், அப்பா வீட்டுக்கே திரும்பியவள் நான். அம்மா போன பிறகு கடலூர் செம்மண்டலம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணன் ஓசூரில் இருக்கிறான். போனில் மட்டும் வருவான்.

ரிட்டயர் ஆன பிறகும் அப்பா டியூட்டிக்குப் போகிற மாதிரியே காலையில் குளித்து, விபூதி வைத்து, நூலகத்துக்குக் கிளம்பிவிடுவார். மூன்று புத்தகம் எடுத்து வருவார். முன்னறையில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டும். "கொஞ்சம் இரு பாப்பா, இந்த ஸ்டேஜ முடிச்சிட்டு வரேன்" என்பார். ஸ்டேஜ் என்றால் அத்தியாயம்.

மறதி வந்தது. முதலில் சாமான்களின் பெயர்கள் போயின. குக்கரை "அந்த விசில்" என்றார். பிறகு தெருவின் பெயர், அம்மா இறந்துபோன விஷயம். கடைசியாக நான். சில நாள் பாப்பா என்பார். சில நாள் "ம்மா" என்று மொட்டையாகக் கூப்பிடுவார். பஸ்ஸில் ஏறும் யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற "ம்மா" அது. டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, இது குறையாது, கூடத்தான் செய்யும் என்றார். நானும் அந்தத் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் என்பதால் மழுப்பாமல் சொன்னார்.

மறதியைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். நடைதான் தாங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் போன் செய்தார். அப்பாவின் சட்டைப் பையில் என் நம்பரை எழுதி வைத்திருந்தேன். ஓடினேன். அப்பா பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, விருத்தாசலம் போகிற வண்டியில் ஏறி, உட்கார்ந்திருந்தவர்களிடம் டிக்கெட் டிக்கெட் என்று கை நீட்டியிருக்கிறார். காசு பிடுங்க வந்த ஆள் என்று நினைத்து எவனோ அறைந்துவிட்டான். கன்னம் வீங்கிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அடிச்சவன் யாரு? இருக்கானா இங்க?" என்று கத்தினேன். பஸ் போய்விட்டிருந்தது. அப்பாவுக்கு அடியைப் பற்றிக் கவலையே இல்லை.

"வண்டிய எடுத்துட்டாங்க பாப்பா. நான் ஏறல. யாருக்கும் டிக்கெட் குடுக்கல" என்று அழுதார்.

அன்று ராத்திரி அண்ணன் போனில், "வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போயேன்" என்றான்.

"நீ வந்து பூட்டு. சாவியையும் நீயே எடுத்துட்டுப் போ" என்றேன்.

கோபத்தில் அப்படிச் சொன்னாலும் ஒரு நாள் பூட்டிப் பார்த்தேன். கிரில் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "ஸ்டாப்பிங் வந்துடுச்சி, கதவத் தெற, ஜனங்க எறங்கணும்" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டு அக்கா என்னிடம் வந்து, "இத விட அவர் ரோட்டுல நடக்குறதே மேல்" என்றார். அதன் பிறகு பூட்டவில்லை.

கையில் புத்தகம் இருக்கிற நாட்களில் அவர் வெளியே போவதில்லை என்பதை அந்த அக்காதான் கவனித்துச் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். பெயர்கள் போனாலும் வரி மேல் கண் ஓடுவது போகவில்லை. என்ன படித்தார் என்று மறுநிமிஷம் கேட்டால் தெரியாது. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போது முகம் தெளிந்திருக்கும், கால் நாற்காலியை விட்டு நகராது. புத்தகம் முடிந்துவிட்டாலோ, இல்லாமல் போனாலோ எழுந்து காக்கிச் சட்டையைத் தேடுவார். ஆக, நான் வேலைக்குப் போக வேண்டுமென்றால், அவர் ரோட்டில் அடிபடாமல் இருக்க வேண்டுமென்றால், தினம் அவர் கையில் ஒரு கதைப் புத்தகம் இருக்க வேண்டும். கதையே பிடிக்காத என் தலையில் இப்படி எழுதியிருந்தது.

அவரைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் நானே நூலகம் போனேன். இலக்கியம் என்று பலகை தொங்கிய பகுதியில் மேஜை மேஜையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். நாவல் ராக்கின் கம்பியில் அவர்கள் பைகள் தொங்கின. செல்போன் சார்ஜர்கள் சிறுகதைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன. எந்த நூலை எழுதியது யார் என்று ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன நூல்களில் பாதி அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அவளைக் குறை சொல்ல நான் யார். கீழ்த்தட்டை எட்ட வேண்டும், கொஞ்சம் நகரும்மா என்றேன். ஒப்பிப்பதை நிறுத்தாமல் முழங்காலை மட்டும் நகர்த்தினாள்.

தடிமனாகப் பார்த்து மூன்று எடுத்து வந்தேன். அப்பா வாங்கி, முதல் புத்தகத்தை விரித்து நேராக ஐம்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனார். "படிச்சாச்சு" என்று மூடி வைத்தார். இரண்டாவது. "படிச்சாச்சு." மூன்றாவதும் அப்படியே. எழுந்து சட்டையைத் தேடினார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் குறியின் விஷயமே தெரிந்தது.

"என்ன கதைன்னு சொல்லுங்க பாப்போம்" என்று நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தேன்.

"அதெல்லாம் எதுக்கு? மார்க் இருக்குல்ல."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? அதான் மார்க் போட்டு வச்சிருக்கேன்ல" என்றார். தன்னை நம்பாவிட்டாலும் தன் கையெழுத்தை நம்பினார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே போய், நாவல் ராக்கின் மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கோடு, இரண்டு புள்ளி. கோடு, இரண்டு புள்ளி. நீல மை, கறுப்பு மை, ஒரு காலத்தில் பச்சை மை. ராக் முழுக்க என் அப்பா போய் வந்திருந்தார். முதலில் ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட. மூன்றாவது தட்டுக்கு வந்தபோது மிச்சம் இருக்கிற தட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

நூலகர் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்டக்டர் சாரோட பொண்ணுதானே? அவர் படிக்காத கதை இங்க ஏதும்மா" என்றார். புதிதாக எதுவும் வரவில்லையா என்று கேட்டேன். "வருது. கதை புக்கு கம்மியாத்தான் வருது. இந்தப் புள்ளைங்க கேக்கறதத்தான் ஜாஸ்தி வாங்குறோம்" என்று மேஜைகளைக் காட்டினார். தப்பித்தவறிக் குறியில்லாமல் கிடந்த சிலவற்றைத் தேடி எடுத்தேன். ஒரு மாதம் ஓடியது.

கடையில் புதுசாக வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்கினேன். அப்பா முதல் பக்கத்தைப் புரட்டி நூலக முத்திரையைத் தேடினார். இல்லை. "யாரோ சீட்டுல விட்டுட்டுப் போயிருக்காங்க. டிப்போவுல ஒப்படைக்கணும்" என்று புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்தவர் விட்டுப்போன பொருளை ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை என்பது அவருடைய சர்வீஸின் பெருமை. அந்தப் பெருமை மட்டும் மூளையில் பத்திரமாக இருந்தது. பெற்ற மகளின் பெயருக்கு இடம் இல்லாத இடத்தில் அதற்கு மட்டும் இடம் இருந்ததே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு தடவை குறி இருந்த தாளையே கிழித்து எடுத்துவிட்டுக் கொடுத்தேன். ஒரு தாள்தானே, குறி போனால் படிப்பார் என்று கணக்குப் போட்டேன். அவர் ஐம்பதாம் பக்கத்திலிருந்து புரட்டினார். ஐம்பத்து மூன்று வந்தது. திரும்பப் புரட்டினார். மறுபடியும் ஐம்பத்து மூன்று. எழுந்து நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

"ரெண்டு பேரக் காணோம்" என்றார்.

"எறங்கியிருப்பாங்கப்பா."

"எங்க எறங்கினாங்க? ஸ்டாப்பிங்கே வரலியே. ஓடுற வண்டியில எப்படி எறங்குவாங்க?" ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "விழுந்துட்டாங்களோ பாப்பா? பின்னாடி போய்ப் பாக்கலாமா?"

சாயங்காலம் வரை தேடினார். சாப்பிடவில்லை. ராத்திரி அந்தத் தாளை என் பையிலிருந்து எடுத்து, கோந்து தடவி இருந்த இடத்தில் ஒட்டிக் கொடுத்தேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் படுத்தார்.

அப்போதுதான் எனக்குச் சிதம்பரம் ஞாபகம் வந்தது. இந்த ஊர் நூலகத்தைத்தானே அவர் முடித்திருக்கிறார், சிதம்பரத்தில் ராக் ராக்காக இருக்குமே, எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி சிதம்பரத்திலிருந்துதான் தினம் வருகிறாள். அவளை உறுப்பினராகச் சேரச் சொல்லி, தினம் எடுத்து வரச் சொன்னால் போதும். வருஷக்கணக்கில் வரும். அன்று எனக்கு வந்த நிம்மதியில் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டிக்கெட் கேட்கக் கிளம்பிவிடுவாரோ என்று ஜன்னலோரம் உட்கார வைத்து வழியை அடைத்துக்கொண்டேன். கண்டக்டர் சின்னப் பையன், இடுப்பில் மெஷின். அப்பா அந்த மெஷினை ஒரு மாதிரி பார்த்தாரே தவிர அசையவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு, வண்டி போகப்போகச் சொல்லிக்கொண்டே வந்தார். "முதுநகர். ஆலப்பாக்கம். புதுச்சத்திரம்." ஒவ்வொரு பெயரும் வண்டி நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் சரியாக வந்தது. பி.முட்லூர் தாண்டியதும், "நான் யாருப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். நிதானமாக என்னைப் பார்த்தார்.

"நீ எங்க போவணும், சொல்லு. நான் எறக்கி விடுறேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆலப்பாக்கம் ஞாபகம் இருக்கிறது. புதுச்சத்திரம் ஞாபகம் இருக்கிறது. அங்கே என்ன இவருக்குப் பால் கொடுத்து வளர்த்தார்களா?

சிதம்பரம் நூலகத்தில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாவல் ராக்குக்கு ஓடினேன். நடுத்தட்டில் கைக்கு வந்ததை உருவி ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.

கோடு, இரண்டு புள்ளி.

அதை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு அடுத்ததை உருவினேன். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். சிறுகதை ராக்குக்குப் போனேன். அங்கும் இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், அங்கே வேலை செய்கிறவர், "என்னம்மா தேடற?" என்றபடி வந்தார்; பெஞ்சில் அப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, கண்டக்டர் சார்! இவர தெரியாதா எனக்கு? மத்தியானம் ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவுல கேப் இருக்கும்ல. வண்டிய விட்டுட்டு நேரா இங்கதான் வருவாரு. டிபன் பாக்ஸ் கூட இங்கதான்" என்றார்.

உருவிய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினேன். பஸ் இரண்டு பக்கமும்தானே போகும். கடலூரில் கிளம்புகிற வண்டி சிதம்பரத்தில் நிற்காமல் எங்கே நிற்கும்? சின்ன வயசில் அப்பா மத்தியானம் எங்கே சாப்பிடுவார் என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் இந்த மைசூர்பாகு மிச்சமாகியிருக்கும்.

"அவர் படிக்காதது எதுனா இருக்கா அண்ணே?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, மூலையில் இருந்த ஒரு ராக்கைக் காட்டினார். "கவிதைப் பக்கம் மட்டும் வர மாட்டாரு. அதுல ஏறினா வரி பாதியிலயே எறக்கி விட்டுடறான்னு கிண்டல் பண்ணுவாரு. எழுதறது எப்படின்னு சொல்லித்தர்ற புக்கு கொஞ்சம் அது பக்கத்துல இருக்கு. அதையும் தொட்டதில்ல."

கவிதையின் ஐம்பத்திரண்டாம் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. இரண்டு ஊரிலும் கவிதை ராக்குகள் அப்படியே தொடப்படாமல் இருந்தன. என்னோடு வேலை செய்கிற பெண் சிதம்பரத்திலிருந்து எடுத்து வந்தாள், நான் கடலூரில் எடுத்தேன். அப்பா பக்கத்தைத் திறந்து, குறி இல்லை என்று பார்த்து, ஏறி உட்கார்ந்தார். ஆனால் நிம்மதியாகப் படிக்கவில்லை. "என்னா இது, இவ்ளோ காலியா ஓட்டறான்?" என்று பக்கத்தின் வெள்ளையைத் தடவுவார். ஒரு வரியைப் படித்துவிட்டு மீதி எங்கே என்று தேடுவார். எழுதுவது எப்படி என்ற புத்தகங்களைக் கொடுத்தால், "டைம் டேபிள் மட்டும் இருக்கு, வண்டியக் காணோம்" என்பார். திட்டிக்கொண்டாவது உட்கார்ந்திருந்தாரே, எனக்கு அது போதும். மழைக்காலம் முழுக்கக் கவிதை எங்களைக் காப்பாற்றியது. அந்த நன்றிக்காக நானும் சிலதைப் படித்தேன். எனக்கும் மீதி எங்கே என்றுதான் இருந்தது.

தையில் ஒரு நாள் காலையில் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது புதுப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஐம்பத்திரண்டைத் திறந்தார். குறி இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோட்டைப் போட்டார், புள்ளிகளை வைத்தார், மூடினார்.

"படிச்சாச்சு" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேப்பா."

அவர் புத்தகத்தைத் திறந்து, அந்தக் குறியை எனக்குக் காட்டினார். அவர் போட்டதுதான், மை இன்னும் காயவில்லை. அவருக்கு அது என்றோ போட்டது. "பாரு, இருக்குல்ல" என்றார், ஒரு பிடிவாதக்காரக் குழந்தைக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு.

அதன் பிறகு ஒரு புத்தகம் ஒரு நிமிஷத்துக்கு வந்தது. மூன்று கொடுத்தால் மூன்று நிமிஷம். பேனாவை எடுத்து ஒளித்து வைத்தால் பை பையாகத் துழாவி, கிடைக்காமல், தாளில்லாமல் செக்கிங்கில் மாட்டிக்கொண்ட மாதிரி வியர்த்துவிடுவார். பார்க்கச் சகிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தினத்தாள், காலண்டர், மாத்திரை அட்டை, சுவர், குளியலறைக் கதவு, எல்லாவற்றிலும் சாய்கோடும் புள்ளிகளும் வந்தன. வீட்டில் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தது.

நூலகர் அம்மா ஒரு நாள் புத்தகங்களைத் திறந்து பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, "வேற எதுனா ஏற்பாடு பண்ணும்மா. எவ்ளோ எடுத்தாலும் இனிமே அவருக்குப் பத்தாது" என்றார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் இரக்கப்பட்டதால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏற்பாடு பண்ணினேன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியைப் பேசி முடித்தேன்; அவர் அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நூலகம் லீவு. வீட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் முடிந்திருந்தன. வழக்கமாக ஒரே குத்தில் எனக்கு நரம்பு கிடைத்துவிடும். அன்று ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டி வந்தது. போன் அடித்தபோது யார் என்று பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியின் படியில் அப்பா ஏறியிருக்கிறார். யாரும் அவரைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. உள்ளே திரும்பி, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்து, ரைட் சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குகிற மாதிரி பின்னால் காலை வைத்திருக்கிறார். வண்டி ஓடவே இல்லை. இடுப்பு எலும்பு உடைந்தது.

ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து முன்னறையில் போட்டோம். இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில். அண்ணன் ஓசூரிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தான். கட்டிலைப் பார்த்துவிட்டு, "இனிமே எங்கியும் போவ மாட்டாருல்ல, அந்தப் பயம் இல்ல" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவனை வெளியே போகச் சொன்னேன். அவன் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அவருக்குப் புத்தகம் தேவைப்படாத நாட்களில்தான் நான் நூலகத்துக்குத் தவறாமல் போனேன். குறி இருக்கிற நாவலாகவே பார்த்து எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்தேன். அவர் எந்த இடத்தில் சிரித்திருப்பார், எங்கே இரண்டு தடவை கூப்பிட்டும் வராமல் இருந்திருப்பார் என்று தேடிக்கொண்டே படித்தேன். எதுவும் தெரியவில்லை. ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் தவிர எங்கேயும் அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம், கேட்கக்கூடிய காலத்தில். அப்போதெல்லாம் நான் சாப்பாடு ஆறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் போவதற்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தார். பிடியில் பலம் இருந்தது. உள்ளங்கையைத் திருப்பி விரித்தார். ஒரு விரலைத் தள்ளினார், அடுத்த விரலைத் தள்ளினார், பக்கம் புரட்டுகிற மாதிரி. ஐந்து விரலும் தாண்டி மணிக்கட்டுக்கு வந்ததும் நின்றார். சட்டைப் பையில் நான் எப்போதும் போட்டு வைக்கிற பேனாவை எடுத்தார். மை சரியாக வரவில்லை. அழுத்தினார், வலித்தது. நான் கையை இழுக்கவில்லை. நரம்பு ஓடுகிற இடத்தில் சாய்கோட்டைப் போட்டார். மேலே ஒரு புள்ளி. கீழே ஒரு புள்ளி.

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நல்ல தெளிவான முகம்.

"எறங்கும்மா" என்றார். "ஸ்டேஜ் வந்துடுச்சி."

"எனக்குச் சிதம்பரம்ப்பா" என்றேன். கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் என்று சொல்லிவிட்டால் இறக்கிவிட மாட்டார் என்று தோன்றியது.

"சிதம்பரம் போவாதும்மா. எறங்கு, எறங்கு."

நான் இறங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.